ரோடு போடும் இடத்தில் ஹெல்மெட் ஏன் கடைசிப் படி?

சாலைப் பணியில் ஒருவர் அடிபட்டார் என்று செய்தி வந்தால் டீக்கடையில் எழும் முதல் கேள்வி, "ஹெல்மெட் போட்டிருந்தாரா?" அடுத்தது, "கொஞ்சம் கவனமா இருந்திருக்கக் கூடாதா?"

எங்கள் தெருவில் ஓர் இரவு பத்து மணிக்கு மேல் தார் போட வந்தார்கள். மொட்டை மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கலவையைப் பரப்பிக்கொண்டே நகரும் பேவர் இயந்திரத்துக்குப் பின்னால் ஒருவர் நீளக்காம்பு ரேக்கால் ஓரங்களை இழுத்துச் சமப்படுத்திக்கொண்டே போனார். தலையில் மஞ்சள் ஹெல்மெட். காலில் ரப்பர் செருப்பு, அதன்மேல் கிழித்த சாக்கைச் சுற்றிச் சணலால் கட்டியிருந்தார். அவர் காலடியில் கிடந்த கலவையின் சூடு, கொதிக்கிற தண்ணீரைவிட அதிகம். தலைக்கு மேலே இருந்தது வெறும் வானம். அங்கிருந்து விழ ஒன்றுமில்லை.

அந்த ஹெல்மெட் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சாலைப் பணியில் ஆட்களைக் கொல்வதும் முடமாக்குவதும் பெரும்பாலும் தலையில் விழும் பொருள் இல்லை. வண்டி, வெயில், சூடான தார், தூசி: இந்த நான்கும்தான் முக்கியமானவை. இவை எப்படி வேலை செய்கின்றன, எங்கே தடுக்கலாம் என்பதை எந்தப் பின்னணியும் இல்லாதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

கிணற்றிலிருந்து தொடங்குவோம்

ஊரில் கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு கிணறு இருக்கிறது. கிணறு ஒரு இடர், அதாவது தீங்கு செய்யக்கூடிய ஒரு பொருள் அல்லது நிலைமை. அதில் யாராவது விழ எவ்வளவு வாய்ப்பு, விழுந்தால் எவ்வளவு அடி என்பதைச் சேர்த்துச் சொன்னால் அது இடர்வாய்ப்பு. கிணறு அதே கிணறுதான். ஆளில்லாத காட்டில் இருந்தால் இடர்வாய்ப்பு குறைவு. பள்ளிக்கூடத்து வாசலில் இருந்தால் பயங்கரம்.

இப்போது அந்தப் பள்ளிக்கூடத்துக் கிணற்றை என்ன செய்யலாம்? பாழுங்கிணறு என்றால் மூடிவிடலாம். தண்ணீர் வேண்டுமென்றால் அதன் இடத்தில் அடிபம்பு போடலாம். அதுவும் முடியாதென்றால் சுவரெழுப்பிக் கம்பி வலை போடலாம். ஒரு வாட்ச்மேனை உட்கார வைத்து "மணியடிச்சா யாரும் இந்தப் பக்கம் வராதீங்க" என்று விதி போடலாம். எதுவுமே முடியாவிட்டால் பிள்ளைகள் இடுப்பில் சுரைக்குடுவையைக் கட்டி அனுப்பலாம்!

கடைசி வழி சிரிப்பாக இருக்கிறது. ஆனால் வேலையிடங்களில் நாம் முதலில் கேட்பது இந்தச் சுரைக்குடுவையைத்தான்.

பாதுகாப்புத் துறையில் இந்த ஐந்து வழிகளுக்கும் 'கட்டுப்பாட்டுப் படிநிலை' என்று பெயர். மேல்படியில் இடரையே நீக்குவது, அடுத்து அதைவிடச் சாதுவான ஒன்றை மாற்றாக வைப்பது, பிறகு தடுப்பு கட்டுவது, பிறகு விதியும் பயிற்சியும், கடைசியாகத்தான் ஹெல்மெட், கையுறை, பூட்ஸ், ஜாக்கெட் போன்ற தற்காப்பு உபகரணங்கள். மேலே இருக்கும் வழிகள் ஒருவர் தூங்கி வழிந்தாலும் காப்பாற்றும். கீழே வர வர, ஒவ்வொரு நிமிடமும் மனிதர் தப்பே செய்யாமல் இருந்தால்தான் பலன்.

இதுவரை சொன்னதன் சாரம்: இடர் என்பது பொருள், இடர்வாய்ப்பு என்பது அது நம்மைத் தீண்டும் அளவு. அதைக் குறைக்க ஐந்து படிகள் உண்டு. ஹெல்மெட் ஐந்தாவது.

வெளியிலிருந்து வரும் வண்டி

நெடுஞ்சாலையில் லாரி பழுதாகி நின்றால் டிரைவர் என்ன செய்வார்? பின்னால் நாலு கல்லை வைத்து ஒரு மரக்கிளையை ஒடித்துப் போடுவார். எண்ணம் சரிதான். தூரம்தான் தப்பு. பெரும்பாலும் பத்தடி தள்ளித்தான் கிடக்கும்.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. டிரைவர் கண்ணில் பட்டு, மூளையில் ஏறி, கால் பிரேக்கை அழுத்துவதற்கு இரண்டரை விநாடி என்று சாலைப் பொறியாளர்கள் கணக்கு வைக்கிறார்கள். அதற்குள் 55 மீட்டர் போய்விட்டது. அப்புறம்தான் பிரேக்கே பிடிக்க ஆரம்பிக்கிறது. சாலைகளுக்கான தரவிதிகளை எழுதும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த கணக்கில், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு நிற்க வேண்டிய தூரம் மொத்தம் 120 மீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 180. பத்தடியில் கிடக்கும் மரக்கிளை, இடித்த பிறகுதான் தெரியும்.

அதனால்தான் வேலை நடக்கும் சாலையை நான்கு துண்டாகப் பிரிக்கச் சொல்கிறது அந்த அமைப்பின் 'எஸ்பி 55' என்ற வழிகாட்டி. திருவிழாக் கூட்டத்தைக் கோயில் வாசலில் கட்டை கட்டித் திருப்பிவிடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். தெருமுனையிலேயே ஒருவர் "இந்தப் பக்கம்" என்று குரல் கொடுப்பார். அது முன்னெச்சரிக்கைப் பகுதி. பிறகு கட்டைகள் மெல்ல மெல்லச் சாய்ந்து கூட்டத்தைக் குறுக்கும். அது மாறும் பகுதி. பிறகு சன்னிதி, அதாவது வேலை நடக்கும் இடம். கடைசியில் வெளியேறும் வழி. கட்டையைச் சாய்வாகக் கட்டாமல் நேர்க்குத்தாகக் குறுக்கே போட்டால் கூட்டம் முட்டி நிற்கும். சாலையில் கூம்புகளை நீளச் சாய்வாக அடுக்குவதும் இதே காரணத்துக்குத்தான். வேகமாக வரும் வண்டி தன்னை அறியாமலே பக்கத்துத் தடத்துக்கு நகர்ந்துவிட வேண்டும்.

கூம்புகள் முடிந்து ஆட்கள் தொடங்கும் இடத்துக்கு நடுவில் கொஞ்சம் வெற்றிடம் விடுவார்கள். இடைவெளிப் பகுதி என்று வைத்துக்கொள்வோம். பிரேக் பிடிக்காமல் உள்ளே நுழைந்துவிட்ட வண்டி, ஆளைத் தொடும் முன் நிற்பதற்கான இடம் அது. பார்க்கிறவருக்கு வீணாகக் கிடக்கும் நிலம். அதனால் நம்மூரில் அங்கேதான் பைக்குகள் நிற்கும், சாப்பாட்டுத் தூக்குகள் இருக்கும், சிலசமயம் ஒரு குழந்தையும் உட்கார்ந்திருக்கும். வீணான இடம் என்று நினைத்து நிரப்பிவிட்டால் அப்புறம் அது இடைவெளியே இல்லை.

சிவப்புத் துணி பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்ணைப் பார்த்திருப்பீர்கள். வேலை தெரியாதவர், வயதானவர், கனம் தூக்க முடியாதவர் என்று பார்த்துத்தான் பல இடங்களில் அந்தத் துணியைக் கையில் கொடுக்கிறார்கள். லேசான வேலையாம். எதிரே வரும் லாரிக்கு முதலில் நிற்கிறவர் அவர்தான்! அந்த இடத்திலேயே நன்றாகப் பயிற்சி பெற்ற ஆளாக இருக்க வேண்டியவர் அவர்.

ஜாக்கெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தப் பளீர் பச்சையும் ஆரஞ்சும் பகலுக்கானவை. வெயிலில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தருவதால்தான் அப்படி ஜொலிக்கின்றன. இரவில் அந்த வித்தை பலிக்காது. இரவுக்கு வேலை செய்வது வெள்ளிப் பட்டைதான். அதிலுள்ள நுண்ணிய கண்ணாடி மணிகள், ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன. தாரும் தூசியும் படிந்த பட்டை எதையும் திருப்பாது.

உள்ளேயே ஓடும் வண்டி

வெளியிலிருந்து வரும் வண்டிக்குக் கூம்பு வைத்தாயிற்று. உள்ளே? கலவை கொண்டுவரும் டிப்பர் லாரி ஒவ்வொரு முறையும் பேவரை நோக்கிப் பின்னோக்கித்தான் வர வேண்டும். லாரியின் நேர் பின்புறம் கண்ணாடி இரண்டிலும் தெரியாது. இப்படி ஓட்டுநர் பார்வைக்கு எட்டாத இடத்தைக் குருட்டுப் புள்ளி என்பார்கள். புள்ளி என்று பெயர், ஆனால் நாலு பேர் தாராளமாக நிற்கலாம்.

கிளீனர் பின்னால் நின்று "வா, வா, வா..." என்று பாடியைத் தட்டுவார். நிற்கச் சொல்லும்போதும் தட்டுவார். பேவர் சத்தத்தில் எது எந்தத் தட்டு என்று யாருக்குத் தெரியும்? ரிவர்ஸ் அலாரமும் இப்படித்தான். மூன்று வண்டி ஒரே நேரத்தில் கீக் கீக் என்றால் பத்து நிமிடத்தில் காது அதைக் கேட்பதையே நிறுத்திவிடும்.

சரி, படிநிலைப்படி யோசிப்போம். "பின்னால் பார்த்து நடங்கள்" என்பது நான்காம் படி. டிப்பர் வரும் பாதையில் ஆள் நடக்கவே தேவையில்லாதபடி நடைவழியைத் தனியாகப் பிரிப்பது மேல்படி. கைகாட்டுபவர் ஒரே ஒருவர்தான், அவர் பக்கக் கண்ணாடியில் தெரியாத நொடியே வண்டி நிற்க வேண்டும் என்பது எளிய விதி. செலவில்லாதது, நன்றாக வேலை செய்வது. ரோலர் இன்னும் மோசம். அது முன்னும் பின்னுமாக ஓடிக்கொண்டே இருக்கும். நடந்து போவது போன்ற வேகம்தான் என்பதால் யாருக்கும் அதனிடம் பயம் வராது.

சுருக்கமாக: வெளி வண்டிக்குத் தூரமும் வெற்றிடமும் மருந்து. உள் வண்டிக்கு ஆளையும் சக்கரத்தையும் பிரிப்பது மருந்து.

வெயில்: நம் உடம்பு ஒரு மண்பானை

இதைத்தான் நாம் மிகவும் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறோம். "அவங்களுக்கெல்லாம் வெயில் பழக்கம்" என்பார்கள். பழக்கம் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி ஆளைக் கொல்லும்.

மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? பானையின் நுண்துளைகளில் நீர் கசிந்து, காற்றில் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. வேர்வையும் அதேதான். வேர்ப்பதால் உடல் குளிர்வதில்லை. வேர்வை ஆவியானால்தான் குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் பானை குளிராது. கடலோரப் புழுக்கத்தில் பானைத் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நாளில் உங்கள் உடம்பும் அப்படித்தான்.

இதனால்தான் வெறும் டிகிரியைப் பார்த்து வெயிலை அளக்கக் கூடாது. வேலூரில் காற்று வறண்டிருக்கும் 41 டிகிரியைவிட, சென்னையில் புழுங்கும் 36 டிகிரி உழைக்கிற உடம்புக்குக் கடுமையாக இருக்கலாம். இதை அளக்க ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை என்று ஒரு கணக்கு உண்டு. மூன்று வெப்பமானிகள்: ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும், ஒன்று வெயிலை வாங்கும் கறுப்பு உருண்டைக்குள் இருக்கும், ஒன்று சாதாரணம். வெயிலில் நிற்பவருக்கு இவற்றை முறையே 70, 20, 10 சதவீத எடையில் சேர்ப்பார்கள். எடையைப் பாருங்கள். செய்தியில் வாசிக்கும் டிகிரிக்கு பத்தில் ஒரு பங்குதான் மதிப்பு.

இதோடு நிற்கவில்லை. நம் தசைகள் எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்கோ அதற்கும் குறைவாகவோதான் வேலையாகிறது. மீதி எல்லாம் சூடு. ஏற்றத்தில் ஏறி வந்த பைக் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், அதுபோலத்தான் ரேக் இழுப்பவரின் உடம்பும். மேலே சூரியன், உள்ளே எஞ்சின், கீழே 140 டிகிரிக் கலவை. பானைக்கு மூன்று பக்கமும் அடுப்பு.

இனி அந்தப் 'பழக்கம்'. புதிதாக வெயிலில் இறங்கும் உடம்பு ஒன்று முதல் இரண்டு வாரத்தில் சீக்கிரமாகவும் அதிகமாகவும் வேர்க்கக் கற்றுக்கொள்கிறது. வேர்வையில் உப்பை வீணாக்காமலும் இருக்கப் பழகுகிறது. இதற்கு வெப்பப் பழகல் என்று பெயர். உண்மையான உடல் மாற்றம் இது, மனவலிமை இல்லை. ஊருக்குப் போய் சில வாரம் இருந்துவிட்டு வந்தால் போய்விடும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் கணக்கில், வெப்பத்தால் வேலையிடத்தில் இறப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் வேலைக்கு வந்த முதல் நாளிலேயே இறக்கிறார்கள். அதனால் புது ஆளுக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் வெயில் வேலை, பிறகு நாளுக்கு இன்னொரு பங்கு கூட்டலாம் என்கிறார்கள். நம்மூரில் ஒடிசாவிலிருந்து ரயிலில் இரண்டு நாள் உட்கார்ந்து வந்தவரை, இறங்கிய மறுநாள் காலையிலேயே முழு ஷிப்டில் நிறுத்துகிறோம்.

கால்மணிக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர் என்பது கைக்கணக்கு. தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். ஆனால் பெண் தொழிலாளர்களிடம் "நிறையத் தண்ணி குடிங்கம்மா" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை, பக்கத்தில் கழிப்பறை இல்லாதவரை. எங்கே போவது என்று தெரியாததால் காலையிலிருந்தே அவர்கள் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். பலன் சிறுநீர்த் தொற்று, மயக்கம். அங்கே நிறுத்திவைக்கும் ஒரு நடமாடும் கழிப்பறை, வெப்பத்துக்கு எதிரான கருவி என்று எழுதினால் டெண்டர் படிப்பவர் சிரிப்பார். ஆனால் அதுதான் உண்மை.

வெப்பத்தாக்கு, அதாவது ஹீட் ஸ்ட்ரோக், உடலின் உட்சூடு 40 டிகிரியைத் தாண்டி மூளை தடுமாறும் நிலை. வேர்வை நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உழைத்துக்கொண்டிருக்கும்போது வந்தால் வேர்த்துக்கொண்டே இருக்கலாம். முதல் அறிகுறி பேச்சு உளறுவது, எரிந்து விழுவது, தள்ளாடுவது. கூட இருப்பவர்கள் "குடிச்சிருக்கான்" என்று ஓரமாகப் படுக்க வைத்துவிடுவார்கள். அந்த அரைமணி நேரம்தான் உயிர். 108ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் உடனே நிழலில் கிடத்தி உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். ஜல்லி நனைக்க நிற்கும் தண்ணீர் லாரியே போதும்.

தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அறிவிப்பு நல்லதுதான். ஆனால் வேலை நேரத்தைக் காலை ஆறுக்கு இழுப்பதும், பகல் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை நிறுத்துவதும், நகரும் நிழற்பந்தலும் களத்தில்தான் நடக்க வேண்டும்.

ஒரு தொடர்பைச் சொல்லாமல் விட முடியாது. நிழல் இல்லாத சாலையில் மதியம் தலைசாய்க்க இருக்கும் ஒரே இடம், நிறுத்திய டிப்பரின் அடிப்பகுதி. சாப்பிட்டுவிட்டு ஏறும் டிரைவர் குனிந்து பார்ப்பதில்லை. இப்படி நசுங்கியதை வண்டி விபத்து என்று எழுதுவார்கள். வேர் வெயிலில் இருக்கிறது. ஒரு தார்ப்பாய்ப் பந்தல் இரண்டு இடரையும் சேர்த்து அடைத்திருக்கும்.

தார், நீராவி, புகை

முதலில் பெயர்க் குழப்பம். நாம் தார் என்று சொல்வது இன்று தார் இல்லை. அசல் தார் நிலக்கரியிலிருந்து வருவது, புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானது. இன்று சாலையில் போடுவது பெட்ரோலிய எண்ணெயின் அடியில் தேங்கும் பிட்டுமென். சாலை போடும்போது வரும் பிட்டுமென் புகையை, புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு இருக்கக்கூடும் என்ற வகையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. பயந்து ஓட வேண்டியதில்லை, ஒன்றுமில்லை என்று ஒதுக்கவும் முடியாது. சூடு ஏற ஏறப் புகை பெருகும் என்பதுதான் நமக்குத் தேவையான விதி.

சாதாரணக் கலவை 150 முதல் 165 டிகிரியில் தயாராகிறது. அந்தச் சூட்டில் இருக்கும் பிட்டுமெனில் ஒரு சொம்பு தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும்? தாளிக்கும் எண்ணெயில் ஈரக் கறிவேப்பிலை போட்டவருக்குத் தெரியும். தண்ணீர் நீராவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு விரிகிறது. ஈரம் தங்கிய டிரம்மில் சூடான பிட்டுமெனை ஊற்றினால் மொத்தமும் நுரைத்துப் பொங்கி வெளியே வரும். கொதிநீர் பட்டால் வழிந்தாவது போய்விடும். இது ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும்.

ஒட்டியதைப் பிய்க்கக் கூடாது, தோலும் சேர்ந்து வரும். மண்ணெண்ணெய், பேஸ்ட், மாவு எதுவும் வேண்டாம். குறைந்தது 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீர் ஓடவிட்டு, ஒட்டியது ஒட்டியபடியே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

படிநிலை இங்கே அழகாகப் பொருந்துகிறது. பழைய தளத்தில் புதுக்கலவை ஒட்டுவதற்கு முதலில் தெளிக்கும் மெல்லிய பூச்சுக்கு, கொதிக்கும் பிட்டுமெனுக்குப் பதில் எமல்ஷன் பயன்படுத்தலாம். பிட்டுமெனைப் பொடித்துளிகளாகத் தண்ணீரில் கலந்த பால் போன்ற திரவம் அது. விறகடுப்பும் டிரம்மும் அந்த வேலைக்குத் தேவையில்லாமல் போகின்றன. வெதுவெதுப்புக் கலவை என்ற முறையில் 20 முதல் 40 டிகிரிவரை சூடு குறைகிறது. இரண்டுமே மாற்று வைக்கும் படி. கையுறையைவிட மூன்று படி மேலே.

கண்ணுக்குத் தெரியாத தூசி

2021இல் தலைமைச் செயலாளர் ஓர் உத்தரவு போட்டார்: பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் வீடுகள் சாலையைவிடப் பள்ளமாகிவிடும். வீட்டுக்காரனாக எனக்கு ரொம்ப சந்தோஷம். சுரண்டும் மில்லிங் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவருக்கு அது தூசி. ஜல்லிக்கல்லில் சிலிக்கா என்ற கனிமம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற தூசியை மூக்கும் சளியும் பிடித்துவிடும். தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான துகள்தான் நுரையீரலின் கடைசி அறைவரை போய்த் தழும்பு போடுகிறது. அந்த நோய்தான் சிலிக்கோசிஸ். அதைக் குணமாக்க மருந்து இல்லை. முகத்தில் கட்டும் துண்டு அந்தத் துகளுக்குச் சல்லடைக் கண். இயந்திரத்தின் பல் கல்லைக் கடிக்கும் இடத்திலேயே தண்ணீர் பீய்ச்சுவதுதான் வேலை செய்யும். அந்தக் குழாய்கள் அடைத்திருக்கின்றனவா என்று காலையில் ஒருவர் பார்த்தால் போதும்.

யார் காசு?

இவ்வளவும் தெரியாமலா விட்டுவிடுகிறார்கள்? பெரும்பாலும் தெரியும். 1996ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டமே சாலைப் பணியையும் கட்டுமானம் என்றுதான் வரையறுத்தது. சிக்கல் மதிப்பீட்டுத் தாளில் இருக்கிறது. கூம்பு, விளக்கு, பந்தல், கழிப்பறை, பயிற்சி பெற்ற கொடியாள் இவற்றுக்குத் தனித்தனி வரியும் தொகையும் இல்லாமல், "தேவையான பாதுகாப்பு ஏற்பாடுகளுடன்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டால், குறைந்த தொகை கேட்பவருக்கே டெண்டர் என்னும்போது, முதலில் வெட்டப்படுவது அந்த வாக்கியம்தான். அளந்து பில் போடக்கூடிய ஜல்லியில் கைவைத்தால் மாட்டிக்கொள்வார்கள். கூம்பை யாரும் எண்ணுவதில்லை.

எங்கள் தெருவில் விடியற்காலை நாலரைக்கு வேலை முடிந்தது. ரேக் பிடித்தவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாக்கை அவிழ்த்தார். செருப்பின் ரப்பர் ஓரம் உருகி, சாக்கோடு சேர்ந்தே வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றித் தண்ணீர் கேட்டார், அதிலேயே ஊற்றச் சொல்லி நீட்டினார்.